நவம்பர் மாதத்தில் ஒரு கொரில்லா



நவம்பர், இறந்தோருக்காக மன்றாடும் மாதம். கத்தோலிக்கராகிய நமக்கு அது 2ஆம் நாள் கல்லறைத் திருநாளோடு தொடங்குகின்றது. ஈழத்தமிழராகிய நமக்கு அதே மாதத்தின் 27ஆம் நாள் இன்னொரு கனத்தைக் கொண்டுவருகின்றது. இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட வாரங்களில் என்னிடம் வருவோரின் முகங்கள் மாறிவிடும். குரோருட்டில் அப்போது பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. திருப்பலிக் கருத்துகள் எழுதும் குறிப்பேட்டில் வயது குறைந்த பெயர்கள் வரிசையாக ஏறும்: பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு.

அத்தகைய ஒரு நவம்பர் மாலையில், நகர மையத்திலிருந்து வீடு திரும்பும் சுரங்க இரயிலில், கையில் ஒரு நாவலை வைத்துக்கொண்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கார்ல் பெர்னர் நிலையத்தைத் தாண்டியிருப்போம் என நினைக்கிறேன். ஒஸ்லோவில் இரயிலில் எவரும் சத்தமாகச் சிரிப்பதில்லை என்பது இங்கு வாழும் உங்களுக்குத் தெரியும். எதிரில் அமர்ந்திருந்த நோர்வேஜியப் பெண்மணி கைப்பேசியிலிருந்து தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆயினும் அந்தப் பெண்மணி பார்த்தது அதற்குக் காரணம் அன்று. நான் சிரித்த பக்கத்தில் ஒரு மனிதன் அடிவாங்கிய வரலாறு எழுதப்பட்டிருந்தது.

அந்த நாவல் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’. 2001இல் ‘அடையாளம்’ வெளியீடாக வந்த நூல். அதாவது, நோர்வேயின் அனுசரணையோடு 2002 பெப்ரவரி 23இல் போர்நிறுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன்னர் வெளிவந்த நூல். இத்தனை ஆண்டுகளாக நான் இதை வாசிக்காமல் இருந்ததற்கு நேரமின்மையைக் காரணம் சொன்னால் அது பொய்யாகும். வாசிக்கக்கூடாத நூல் என்று யாரோ சொன்னதை நான் கேள்வி கேட்காமல் ஏற்றிருந்தேன். குருமடத்தில் தடைசெய்யப்பட்ட நூற்பட்டியலைப் பற்றிச் சிரித்துப் பேசிய எனக்கே இப்படி ஓர் இரகசியப் பட்டியல் மனத்துக்குள் இருந்திருக்கிறது.

நான் இலக்கிய விமர்சகன் அல்லன். முதல்முறை வாசித்த ஒருவனின் மனத்தில் எழுந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். இரண்டாம் முறை வாசித்தால் சில கருத்துகள் மாறக்கூடும்.

ஆசிரியரைப் பற்றி அறியாதோருக்குச் சிறு அறிமுகம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் வரும் வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்தவர். இயற்பெயர் அந்தோனிதாசன் யேசுதாசன். பெயரைக் கேட்டதுமே அவர் எந்தக் கோயிலின் மணியோசையைக் கேட்டு வளர்ந்திருப்பார் என நம்மவர்கள் ஊகித்துவிடுவார்கள். பதின்ம வயதில் இயக்கத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகி, தாய்லாந்து வழியாக 1993இல் பிரான்ஸை அடைந்தவர். உணவகத்தில் கோப்பை கழுவியது உட்படப் பல வேலைகள் செய்தவர். 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் நாயகனாக நடித்தவரும் இவரே. அந்தப் படத்தை நம்மில் பலர் பார்த்தோம், பெருமைப்பட்டோம், முகநூலில் வாழ்த்துத் தெரிவித்தோம். அதே மனிதர் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய நூலைத் திறக்கத்தான் நமக்குத் தயக்கம்.

நாவலின் தொடக்கம் ஒரு விண்ணப்பம். பிரெஞ்சு அரசிடம் அகதித் தஞ்சம் கோரும் ஒருவன், தான் பட்ட பாடுகளை மிகுந்த பணிவோடு எழுதுகிறான். அவனது பணிவுதான் என்னை முதலில் சிரிக்கவைத்தது. எழும்பு முறியும்படி அடிவாங்கியவன், அதை எழுதும்போது அலுவலகக் கடிதத்துக்குரிய மரியாதை கெடாமல் பார்த்துக்கொள்கிறான். உடலில் விழுந்த அடிக்கும் தாளில் விழும் சொல்லுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் இந்நாவலின் நகைச்சுவை குடியிருக்கிறது. ஆசிரியர் எந்த இடத்திலும் நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டுவதில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே சொல்கிறார். சிரித்துவிட்டுத் தலைகுனிபவர்கள் நாம்தான்.

இந்த விண்ணப்ப மொழியை நான் நன்கறிவேன். இங்கு வந்த புதிதில், தஞ்சம் கோரிய பலருக்கு நேர்காணலுக்குத் துணையாகச் சென்றிருக்கிறேன். கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திகதி, இடம், கைதுசெய்தவர் யார், எத்தனை நாள், எந்தக் கையில் தழும்பு என்று ஒரு மனித வாழ்வை வரிசையிட வேண்டும். அந்த வரிசையில் நான் கண்ட கொடிய வேடிக்கை ஒன்றுண்டு. உண்மை சொல்பவனுக்குத் திகதிகள் தடுமாறும். இருண்ட அறையில் அடைக்கப்பட்டவனுக்கு அன்று செவ்வாயா புதனா என்று எப்படித் தெரியும்? பொய்யை மனப்பாடம் செய்தவனோ ஒரு மணி நேரம்கூடப் பிசகாமல் சொல்வான். ஆகவே உண்மை சந்தேகத்துக்குள்ளாகும், பொய் நம்பிக்கைக்குரியதாகத் தோன்றும். ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஃபாதர், எனக்கு நடந்ததைச் சொன்னா நம்பீனமில்லை. பக்கத்து அறைப் பெடியனுக்கு நடக்காததைச் சொல்லி அவனுக்கு விசா குடுத்திட்டினம். நான் இப்ப அவன்ரை கதையைச் சொல்லட்டோ, என்ரை கதையைச் சொல்லட்டோ?” நான் பதில் சொல்லத் திணறினேன். ‘பொய்ச்சான்று சொல்லாதே’ என்ற கட்டளையை அந்த அறையில் உச்சரிக்க எனக்கு நா எழவில்லை. ‘கொரில்லா’வின் முதற்பக்கங்களை வாசித்தபோது அந்த மனிதர் என் முன்னால் மீண்டும் வந்து அமர்ந்துகொண்டார்.

இனி, நூலின் பெயர். தமிழில் நாம் காட்டுக் குரங்கையும் ‘கொரில்லா’ என்கிறோம், மறைந்திருந்து தாக்கும் போராளியையும் ‘கொரில்லா’ என்கிறோம். ஐரோப்பிய மொழிகளில் எழுத்து வேறு, வேர் வேறு. நம் நாவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்த ஒரு தற்செயலின் மீது ஒரு நாவலையே எழுப்பிவிட்டார் ஆசிரியர். தீவுப்பகுதிக் கிராமமொன்றில் ஊரையே நடுங்கவைக்கும் சண்டியர் ஒருவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் கொரில்லா. அவருடைய மகன் தந்தையின் அடியிலிருந்து தப்பி இயக்கத்துக்கு ஓடுகிறான். அங்கே அவனுக்குப் புதுப்பெயர் கிடைக்கிறது. ஆனால் ஊராருக்கு அவன் கொரில்லாவின் மகன்தான். தந்தையின் பட்டப்பெயர் அவன் மீதும் ஒட்டிக்கொள்கிறது. உண்மையான கொரில்லாப் போராளி ஆகப் புறப்பட்டவன் குரங்கின் பெயரைச் சுமக்கிறான்.

நம் ஊர்களில் பட்டப்பெயரின் வலிமை எத்தகையது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருமுழுக்கில் நாங்கள் வைக்கும் பெயர் பதிவேட்டில் கிடக்கும், ஊர் வைக்கும் பெயர் கல்லறை வரை கூடவரும். நான் ஆற்றிய ஓர் அடக்கச் சடங்கில், இறந்தவரின் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னபோது பின்வரிசையில் இருந்தவர்கள் ‘யாருடைய செத்தவீட்டுக்கு வந்திருக்கிறோம்’ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு பையன் ஏன் துப்பாக்கி ஏந்தினான் என்ற கேள்விக்கு நாம் பழகிய விடைகள் உண்டு. இனக்கலவரம், இராணுவம், உரிமை. அவை பொய் அல்ல. 1983ஐக் கண்டவர் எவரும் அவற்றைப் பொய் என்று சொல்லமாட்டார். ஆனால் இந்நாவல் அவற்றோடு வேறொன்றையும் சேர்த்துவைக்கிறது: வீட்டில் அடித்த தகப்பன். ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்திருக்கும் ஒரு குருவுக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும் நம் மேடைகளிலும் நினைவுக் கூட்டங்களிலும், என் மறையுரைகளிலும், நான் இதை ஒருபோதும் கேட்டதில்லை, சொன்னதுமில்லை. வீட்டிலிருந்து தப்பியோடிய சிறுவன் இன்னொரு வீட்டைத் தேடினான், அங்கும் அடி இருந்தது என்பதை ஒரு நாவலாசிரியர் சொல்லித்தான் நான் கேட்கவேண்டியிருந்தது.

எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. அடிமேல் அடியாக விழுந்துகொண்டே இருப்பதால் ஒரு கட்டத்துக்குப் பின் வாசகனின் தோல் தடித்துவிடுகிறது. அழுவதற்கு ஓர் இடைவெளி விட்டிருக்கலாம் என எண்ணினேன். சில இடங்களில் நகைப்பு இரக்கத்தைத் தாண்டிக் குரூரத்தின் எல்லைக்குள் கால்வைத்துவிடுகிறது. பாரிஸில் நடக்கும் பகுதிகளில் எனக்கு முதற்பகுதியில் இருந்த பிடிப்பு இல்லை. தீவின் மணலும் உப்புக்காற்றும் அந்தப் பேச்சுமொழியும் பிரெஞ்சுத் தெருவுக்கு வந்ததும் சற்று வெளிறிவிடுகின்றன. வெளிறித்தான் போகவேண்டும் என்று ஆசிரியர் கருதியிருக்கவும் கூடும்.

இந்நாவலின் உறவினர்களை உலக இலக்கியத்தில் தேடியபோது எனக்கொரு சங்கடம் நேர்ந்தது. போரைப் பார்த்துச் சிரிக்கும் பெருநாவல்களில் ஒரு குருவானவர் தவறாமல் வந்துவிடுகிறார், அவர் நிலை பெரும்பாலும் பரிதாபமாகவே இருக்கிறது. 1923இல் காலமான செக் எழுத்தாளர் யாரோஸ்லாவ் ஹாஷெக் முடிக்காமல் விட்டுச்சென்ற ‘ஷ்வெய்க்’ நாவலில் வரும் படைக்குரு ஓட்டோ காட்ஸ் பெருங்குடிகாரர். தம் பணியாளான ஷ்வெய்க்கைச் சீட்டாட்டத்தில் பணயம் வைத்துத் தோற்றுவிடுகிறார். பாஞ்சாலியைப் பணயம் வைத்தவரேனும் அரசர். 1961இல் வந்த ஜோசப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ நாவலில் வரும் படைக்குரு நல்லவர், கூச்சம் மிகுந்தவர். குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுவதற்காகச் செபிக்க முடியுமா என்று அவருடைய மேலதிகாரி அவரைக் கேட்கிறார். பத்திரிகையில் படம் வரவேண்டும் என்பது அந்த அதிகாரியின் ஆசை. பின்னர் அதே குருவை நிலவறையில் வைத்து விசாரிக்கிறார்கள். ஒரு தக்காளியைத் திருடியது உட்படக் குற்றங்கள் சுமத்தப்படுகின்றன. அந்தத் தக்காளியை அவருக்குக் கொடுத்தவரோ அதே மேலதிகாரி!

அந்தக் காட்சியில் நான் சிரித்தேன், பின்னர் சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டது. ஆயுதங்களுக்காகச் செபிக்கும்படி என்னை யாரும் நேரடியாகக் கேட்டதில்லை. ஆனால் எந்தச் சாவைப் பற்றி மறையுரையில் பேசலாம், எந்தச் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்பதை முகக்குறிப்பால் உணர்த்தியவர்கள் இருந்தார்கள். நான் அந்த முகக்குறிப்பைப் படித்து நடந்துகொண்டேன். இதை இங்கு எழுதுவதற்கு எனக்கு இந்நாவல் தேவைப்பட்டிருக்கிறது.

அதே வேளையில், நகைப்பு நுழைய முடியாத ஓர் அறையும் உண்டு. ஷோபாசக்தி பிறந்த அதே அல்லைப்பிட்டியில், 2006 ஆகஸ்ட் 13ஆம் நாள், மக்கள் தஞ்சம் புகுந்திருந்த புனித பிலிப் நேரியார் ஆலயத்தின் மீது எறிகணைகள் விழுந்தன. பலர் மாண்டனர். காயமுற்றோரை யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச்செல்ல அலைந்தவர் அந்தப் பங்கின் இளம் குரு திருச்செல்வம் நிஹால் ஜிம் பிரவுண். ஒரு வாரத்தின் பின், ஆகஸ்ட் 20 அன்று, அவரும் அவரோடு சென்ற வென்சஸ்லாஸ் வின்சஸ் விமலதாசும் அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச்சாவடிப் பக்கம் காணப்பட்டார்கள். அதன்பின் இருவரையும் எவரும் காணவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலின் முடிவில் சரணடைந்தவர்களோடு நின்ற அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் அடிகளும் திரும்பி வரவில்லை. அவர்களை நான் நேரில் அறிந்தவன் அல்லன். ஆயினும் திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும் இடத்தில் அவர்கள் பெயரைச் சொல்வதா, வாழ்வோருக்கான மன்றாட்டில் சொல்வதா என்ற கேள்வி எனக்கு இன்றுவரை தீரவில்லை. காணாமற்போனவருக்குத் திருவழிபாட்டு நூலில் தனி இடம் இல்லை. இதில் ஒரு கரிய நகைச்சுவை இருக்கிறதென்று ஹெல்லர் சொல்லியிருப்பார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இவ்வளவும் எழுதியது ஒரு தாயின் பொருட்டு. இந்நூலோடு நான் குரோருட் நிலையத்தில் இறங்கி நடந்துவந்த அதே வாரத்தில், நம் பங்கைச் சேர்ந்த மூத்த அம்மா ஒருவர் தம் மகனுக்காகத் திருப்பலி கேட்டு என் வீட்டுக்கு வந்தார். மகன் பத்தொன்பது வயதில் களத்தில் மாண்டவர். மேசையில் கிடந்த நூலை அவர் பார்த்துவிட்டார்.

“சுவாமி, நீங்களும் உதை வாசிக்கிறியளோ?”

“ஓம் அம்மா.”

“உதிலை எங்கடை பிள்ளையளைப் பகிடி பண்ணியிருக்கிறதெண்டு சொல்லீனம். வாசிச்சுச் சிரிச்சனீங்களோ?”

பொய் சொல்லக்கூடாது என்பதால் ஆம் என்றேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்.

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவரிடம் சென்று இலக்கியச் சுதந்திரம் பற்றி விரிவுரை ஆற்ற எனக்கு உரிமையில்லை. ஆயினும் நான் வாசித்தவரையில் இந்த நூல் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒழுங்கு பற்றி வகுப்பெடுத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. எந்தச் சீருடை அணிந்திருந்தாலும், கேள்வி கேட்பதற்கு முன்பே அடிக்கத் தொடங்குபவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னைப் பார்த்தே சிரிக்கிறது. பதின்ம வயதில் அதே சீருடைக்குள் இருந்த ஒருவர் எழுதியது இது. வெளியிலிருந்து ஒருவர் இப்படிச் சிரித்திருந்தால் நானும் நூலை மூடிவைத்திருப்பேன்.

மேலும், நம் சனம் சிரிக்காமலா போரைக் கடந்தது? தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் திரிபோட்டு விளக்கேற்றினோம். குண்டுவீச வந்த விமானத்துக்குச் ‘சகடை’ என்று பெயர் சூட்டினோம். பதுங்குகுழிக்குள் முதலில் பாய்ந்தவரைப் பற்றியும், வேட்டியை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனவரைப் பற்றியும் எத்தனை கதைகள்! அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் அந்தக் குழிகளிலேயே பலருக்குச் சித்தம் கலங்கியிருக்கும். எழுத்தில் வரும்போது மட்டும் அது ஏன் பாவமாகிறது?

நாம் வாழும் இந்த நாட்டுக்கும் இது தெரியும். 1940 முதல் 1945 வரை ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த நோர்வேயில் மக்கள் இரகசியமாகப் பகிடிகளைப் பரப்பினார்கள். சிவப்புக் கம்பளித் தொப்பி அணிவது எதிர்ப்பின் அடையாளமாகப் பரவியபோது, 1942 பெப்ரவரியில் அந்தத் தொப்பிக்கே தடை விதித்தார்கள். பேரரசு ஒன்று குழந்தைகளும் அணியும் தொப்பிக்கு அஞ்சியது! என் மாடிக்குக் கீழே வசிக்கும் முதியவர், தம் தாயார் வாயிலாகக் கேட்ட இந்தக் கதையை ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் எனக்குச் சொல்வார். அந்நாள்களில் உயிரிழந்தோருக்கு அவர் செலுத்தும் மரியாதையில் அந்தச் சிரிப்பால் ஒரு குறைவும் வந்ததில்லை.

நம் திருவிவிலியத்திலும் யோனாவின் நூல் எனக்குப் பிடித்தமானது. ஒரு மாநகரம் அழியவில்லையே என்று கோபித்துக்கொண்டு, வாடிப்போன ஓர் ஆமணக்குச் செடிக்காகச் சாகத் துணிகிறார் ஓர் இறைவாக்கினர். இதை இறுக்கமான முகத்தோடு வாசிப்போர், ஆசிரியர் வைத்த பகிடியைத் தவறவிடுகிறார்கள் என்றே எண்ணுகிறேன்.

அம்மாவிடம் இவற்றில் எதையும் நான் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர்தான் மீண்டும் பேசினார்: “உதிலை என்னதான் சுவாமி எழுதியிருக்கு?” தந்தைக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் மகனுக்கும் ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, “எங்கடை ஒழுங்கையிலையும் அப்பிடி ஒராள் இருந்தவர். என்ரை பெடியன் அவரைப்போலவே நடந்து காட்டுவான். ஒருநாள் அவர் பின்னாலை வந்து நிண்டதைக் காணேல்லை...” என்று தொடங்கினார். சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பிள்ளையை இத்தனை ஆண்டுகளாக நான் மாலையிட்ட படத்தில் மட்டுமே கண்டிருந்தேன். ஒழுங்கையில் கைவீசி நொண்டிக்காட்டி ஓடிய பையனை அன்றுதான் அறிந்தேன்.

புறப்படும்போது அவர் நூலை எடுத்துப் புரட்டிவிட்டு மேசையிலேயே வைத்தார். “இதை நான் கொண்டுபோகமாட்டன். மருமோன் கண்டா வில்லங்கம். நீங்கள் வைச்சிருங்கோ, நான் இஞ்சை வந்து வாசிக்கிறன்,” என்றார். மூன்று வாரங்களாக வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார். எழுத்து சிறிதாக இருப்பதால் நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். சில இடங்களில், “உது பொய்,” என்கிறார். சில இடங்களில், “உது சரி, உப்பிடித்தான்,” என்கிறார். இயக்கத்தின் தண்டனைகள் வரும் பக்கங்களில் எதுவும் சொல்வதில்லை. இன்னும் பாதி நூல் இருக்கிறது. முடிந்தபின் அவர் என்ன சொல்வார் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை.

தமிழ் வாசிக்கத் தெரியாத நம் இளையோருக்காக ஒரு தகவல்: அனுஷியா சிவநாராயணனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் ரேண்டம் ஹவுஸ் இந்தியா வெளியீடாக வந்துள்ளது. உங்கள் பெற்றோர் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களில் என்ன இருந்தது என்று அவர்களிடம் கேட்கத் தயங்கியிருந்தால், இதை முதலில் வாசித்துவிட்டுக் கேளுங்கள். தமிழ்ப் பிரதி என்னிடம் ஒன்றுதான் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அது வெளியே போகாது. மற்றைய நாள்களில் இரவல் தருகிறேன். தேநீர்க் கறை ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.